கரடி வாழும் மலையிற் பகல் நடை

மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்பது நம் மாணாக்கர் கீழ்வகுப்பிலேயே கற்கும் பாடமாகும். அக்குறிஞ்சித் திணையில் ஆற்றினது அருமை கூறுதல் என ஒரு துறை உண்டு. இரவிலே மலைவழி கடந்து தலைவியை நாடிவரும் தலைவனிடம் தோழி அவ்வழியின் கொடுமையை எடுத்துரைப்பாள். யானையும் புலியும் திரியும் வழி அது. புற்றைக் கிண்டிக் கறையானைத் தின்னும் எண்கும் அங்கே உண்டு. ஆதலின் இரவில் வாராதே, பகலில் வருக என அவள் வேண்டுவதும் உண்டு. எண்கு என்பது கரடிக்குச் சங்கச் சான்றோர் வழங்கிய பெயர்களுள் ஒன்று. தோழியின் கூற்றை அகப்பொருட் சுவைக்காகவே நாம் பெரிதும் பயில்கின்றோம். எனினும் எவ்விலங்கு எங்கே எதனைத் தின்னும், மனிதன் எப்பொழுது அவ்வழியிற் போகலாம் என்பவற்றைக் கண்டறிந்த மக்களின் அறிவும் அதனுள் அடங்கியிருக்கின்றது.

இவ்வறிவு இன்றும் வேண்டப்படுவதே. நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் குடும்பத்தோடு வாழ்கின்றனர். கோடை விடுமுறை வந்ததும் அவர்தம் பிள்ளைகள் றொக்கி மலைகளுக்குச் சென்று பகல் முழுவதும் நடந்து மாலையில் மீள்வதைப் பெரும் பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர். அம்மலைகளோ கரடிகளின் உறைவிடம். அங்கே மனிதனும் கரடியும் எவ்வாறு ஒரு வழியைப் பங்கிட்டுக்கொள்கின்றனர் என்பதை, கிளேசியர் தேசியப் பூங்காவைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முயல்கின்றது.

கிளேசியர் என்னும் சொல் பனிக்கட்டியாற்றைக் குறிக்கும். இப்பூங்கா ஐக்கிய அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தில், கனடாவின் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. இதன் பரப்பு ஏறத்தாழ 1,580 சதுர மைல். இலங்கைத் தீவு முழுவதையும் ஒன்றெனக் கொண்டால் இப்பூங்கா அதில் ஒரு வீசம், அஃதாவது பதினாறில் ஒரு பங்கு ஆகும். இதன் கிழக்குப் பகுதி முன்னாளில் பிளாக்ஃபீட் என்னும் பழங்குடியினர்க்கு உரியதாயிருந்தது. 1895ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் அஃது அமெரிக்க அரசாங்கத்தின் கைக்கு மாறியது. 1910ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் ஜனாதிபதி டாஃப்ட் கையொப்பமிட்ட சட்டத்தால் இந்நிலம் தேசியப் பூங்கா ஆயிற்று. 1932இல் இதனை எல்லைக்கு அப்பாலுள்ள கனடாவின் வாட்டர்ட்டன் பூங்காவோடு சேர்த்து, உலகின் முதலாவது சர்வதேச சமாதானப் பூங்கா எனப் பெயரிட்டனர்.

பூங்காவைக் குறுக்கறுத்துச் செல்லும் 50 மைல் நீளமான வண்டிப் பாதை 1933இல் திறக்கப்பட்டது. 'கதிரவனை நோக்கிச் செல்லும் பாதை' என்பது அதன் பெயரின் பொருள். அதன் உச்சியாகிய லோகன் கணவாய் 6,646 அடி உயரமானது. இது நம் நுவரெலியா நகரினும் சிறிதே உயர்ந்ததாயினும், வடக்கே நெடுந்தொலைவில் இருப்பதால் யூன் மாதக் கடைசி வரையிலும் அங்கே பனி மூடிக்கிடப்பது வழக்கம். ஆதலின் உயர்ந்த இடங்களில் நடப்பதற்கு உரிய காலம் யூலை, ஓகத்து, செப்டெம்பர் ஆகிய மூன்று மாதங்களே எனலாம்.

பூங்காவில் 700 மைலுக்கு மேற்பட்ட நடைவழிகள் உள்ளன. ஒரே பகலிற் சென்று மீளத்தக்கவற்றுள் சிலவற்றை மட்டும் ஈண்டுக் குறிப்பிடுவேன். முதியோரும் சிறுவரும் நடக்கத்தக்கது அவலான்ச் ஏரி வழி. வானுற வளர்ந்த சீடர் மரங்களின் நிழலில் தொடங்கி, ஓடையொன்றை ஒட்டி ஏறி, அருவிகள் வீழும் ஏரிக்கரையில் முடியும் இவ்வழி, போய்மீள ஏறத்தாழ 5 மைல். லோகன் கணவாயிலிருந்து 'மறைந்த ஏரி'யைக் காணும் மேட்டிற்குச் செல்லும் வழி, போய்மீள 3 மைலுக்கும் குறைவு. அக்கணவாயிலிருந்தே புறப்படும் உயர்வழியோ வேறு வகையானது. செங்குத்தான பாறைச் சுவரில் வெட்டிய விளிம்பின்மீது அது தொடங்குகின்றது. கையாற் பற்றிக்கொள்வதற்குப் பாறையிற் கம்பி பொருத்தியுள்ளனர். 7.6 மைல் சென்றால் கிரனைற் பார்க் என்னும் கல்லாலான தங்குமனையை அடையலாம். பூங்காவின் கிழக்குப் பக்கத்தில், கோடையிலும் பனிக்கட்டிகள் மிதக்கும் ஏரிக்குச் செல்லும் வழியும், கிரினெல் என்னும் பனிக்கட்டியாற்றிற்கு ஏறும் வழியும் உள்ளன. இவை ஒவ்வொன்றும் போய்மீளப் பத்து மைல் அளவில் அமைந்தவை. கிரினெல் உருகி ஒடுங்கி வருவதையும் அதன் அடியில் ஏரி தேங்கி நிற்பதையும் அங்கே கண்கூடாகக் காணலாம்.

இனி, இவ்வழிகளின் உரிமையாளரைப் பற்றிக் கூறுவாம். இங்கே இருவகைக் கரடிகள் வாழ்கின்றன. ஒன்று கருங்கரடி, மற்றையது கிறிஸ்லி எனப்படும் பெருங்கரடி. நிறத்தைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிய முயல்வது பிழையாகும். கருங்கரடி பழுப்பு நிறமாகவும் இருக்கும்; கிறிஸ்லி கறுத்தும் இருக்கும். தோளின்மேற் புடைத்த திமில், நடுவே குழிந்த முகம், குறுகிய செவி, மண்ணைத் தோண்டுதற்கேற்ற நீண்ட நகம் ஆகியவை கிறிஸ்லியின் அடையாளங்கள். கருங்கரடிக்குத் திமில் இல்லை, முகம் நேரானது, வளைந்த குறுநகங்களால் மரமேற வல்லது.

கரடி மனிதனை உண்பதற்கென்றே திரிவது எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. வேனிற்காலத் தொடக்கத்தில் இளம்புல்லும், ஒருவகை லில்லிச் செடியின் கிழங்கும், குளிரில் மாண்ட விலங்குகளின் உடலும் அதன் உணவு. கோடையில் உயர்ந்த பாறைச் சரிவுகளுக்கு ஏறிக் கற்களைப் புரட்டி அந்துப்பூச்சிகளைத் தின்னும். ஓகத்து மாதத்தில் ஹக்கிள்பெரி என்னும் கருநீலக் கனிகள் பழுத்ததும் புதர்களை விட்டு அகலாது. பின்னர்ப் பனிக்காலம் முழுவதும் உணவின்றிக் குகையில் உறங்க வேண்டியிருப்பதால், இலையுதிர்காலத்தில் இரவு பகலாக உண்டு கொழுப்பைச் சேர்க்கும். மனிதன் நடக்கத்தக்க அம்மூன்று மாதங்களே கரடி உண்ணுதற்கும் உரிய மாதங்கள். இருவரும் ஒரே சரிவில், ஒரே ஓடைக்கரையில் எதிர்ப்படுவதற்குக் காரணம் இதுவே.

அவ்வாறு எதிர்ப்படும்போது பெரும்பாலான கரடிகள் ஒதுங்கிச் செல்லும். ஒதுங்காது பாய்வதற்குக் காரணங்கள் சிலவே. அணித்தே மனிதன் திடீரெனத் தோன்றினால் அது திடுக்கிட்டுத் தாக்கும். குட்டியோடு நிற்கும் தாய், குட்டிக்குத் தீங்கு வருமென எண்ணித் தாக்கும். இறந்த விலங்கின் உடலைக் காத்து நிற்கும் கரடி, தன் உணவு பறிபோகுமென எண்ணித் தாக்கும். 2016ஆம் ஆண்டில், பூங்காவின் எல்லைக்கு அண்மையிலுள்ள காட்டில், வளைவொன்றை விரைந்து கடந்த சைக்கிளோட்டி ஒருவர் கிறிஸ்லி ஒன்றின்மேல் மோதி உயிரிழந்தார். விரைவும் ஓசையின்மையும் மறைந்த வளைவும் ஒருங்கு சேரின் விளைவு யாதென்பதற்கு அஃதொரு சான்று.

இவை யாவற்றினும் கொடிய காரணம் ஒன்று உண்டு. அது மனிதனே உண்டாக்குவது. 1967ஆம் ஆண்டு ஓகத்து 13ஆம் நாள் விடியுமுன், கிரனைற் பார்க் தங்குமனையின் அருகிலும், மைல்கள் பலவற்றுக்கு அப்பால் ட்ரவுற் ஏரிக்கரையிலும், 19 வயதுடைய இளம்பெண்கள் இருவர் இருவேறு கிறிஸ்லிகளாற் கொல்லப்பட்டனர். பூங்கா தோன்றிய 57 ஆண்டுகளில் அதற்குமுன் ஒருவரேனும் கிறிஸ்லியால் மாண்டதில்லை. அவ்விரவின் வரலாற்றை ஆராய்ந்தால் துன்பத்தின் வேர் புலப்படும். தங்குமனையின் எச்சில் உணவு பின்புறத்திற் கொட்டப்பட்டு வந்தது. அதனைத் தின்னக் கரடிகள் இரவுதோறும் வந்தன. அக்காட்சியைக் காண்பதற்கென்றே மக்கள் கூடினர். ட்ரவுற் ஏரியிலோ மெலிந்த கரடியொன்று அக்கோடை முழுவதும் பாசறைகளிற் புகுந்து உணவைக் கவர்ந்து வந்தது. மனிதனின் வாடை என்றால் உணவு என அவ்விலங்குகள் கற்றுக்கொண்டன. கற்பித்தவன் மனிதன். அவ்விரு பெண்களோ பிறர் கற்பித்த பாடத்திற்கு உயிரைக் கொடுத்தனர். கரடிகளும் பின்னர்ச் சுட்டுக் கொல்லப்பட்டன.

அதன்பின் முறைகள் மாறின. குப்பை கொட்டுதல் ஒழிக்கப்பட்டது. கொண்டுசென்ற பொருளின் எச்சத்தைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என விதித்தனர். இராத் தங்குவோர் உறங்கும் இடமும் உண்ணும் இடமும் வேறாக்கப்பட்டன. கரடி நடமாட்டம் மிகுந்த வழிகளை உடனே மூடும் வழக்கமும் வேரூன்றியது. இன்றும் மறைந்த ஏரியின் கரைக்கு இறங்கும் வழி, மீன்கள் முட்டையிடும் காலத்திற் கரடிகள் அங்கே மீனுண்ண வருவதால், மேட்டிற்கு அப்பால் அடிக்கடி மூடப்படுகின்றது. 1975இல் அலாஸ்கா நீங்கலான ஐக்கிய அமெரிக்க நிலப்பரப்பில் கிறிஸ்லி அருகிவரும் இனமாகச் சட்டத்தின் காப்பினைப் பெற்றது.

பகல் நடைக்குச் செல்வோர் கடைப்பிடிக்க வேண்டியவற்றைத் தொகுத்துரைப்பேன். தனித்துச் செல்லாது மூவர் நால்வராய்ச் செல்லுதல் வேண்டும். விடியற்காலையும் அந்திப்பொழுதும் விலக்கத்தக்கவை. வளைவுகளிலும், நம் காலடியோசையை விழுங்கும் ஓடைகளின் அருகிலும், கனிப் புதர்களிடையிலும் உரத்துப் பேசியும் கைதட்டியும் நம் வருகையை முன்னரே அறிவித்தல் வேண்டும். சிறு மணிகளைக் கட்டிக்கொள்வது போதாது. மனிதக் குரலே சிறந்தது. கரடியைக் கண்டால் 100 யார் தொலைவிலேயே நிற்பது விதி. ஓடுதல் ஆகாது, கரடி மணிக்கு 35 மைல் வேகத்தில் ஓட வல்லது. முகம் திருப்பாது, தாழ்ந்த குரலிற் பேசிக்கொண்டு மெல்லப் பின்வாங்குக.

அங்குள்ளோர் இடுப்பிலே ஒரு குப்பி வைத்திருப்பர். அழுத்தினால் அதிலிருந்து ஒருவகைச் சாறு புகைபோற் சீறிப் பாயும். நம் மிளகாய்க்கு உறைப்பைத் தரும் சத்தே அதன் மருந்து. அடுப்பில் மிளகாய் வறுபடும்போது வீட்டார் அனைவரும் இருமுவதை அறிந்த நமக்கு அதன் ஆற்றலை விரித்துரைக்க வேண்டியதில்லை. நுண்ணிய மோப்பமுடைய கரடிக்கு அது பன்மடங்கு துன்பந்தரும். ஆயினும் உயிருக்கு ஊறு செய்யாது. அது முப்பது அடி அளவிலேயே பயன்படுவது. பைக்குள்ளே கிடந்தாற் பயனில்லை. எட்டும் கையில் இருத்தல் வேண்டும். திடுக்கிட்ட கிறிஸ்லி உடலின்மேற் பாய்ந்துவிட்டாற் குப்புறப் படுத்துக் கழுத்தைக் கைகளால் மூடி அசையாதிருக்க வேண்டும். இரையென எண்ணித் தொடர்ந்து வரும் கரடியையோ கிடைத்ததைக் கொண்டு எதிர்த்துப் போராட வேண்டும் என்பர்.

எனினும் அச்சத்தை அளவோடு கொள்ளல் வேண்டும். இப்பூங்காவில் மாண்டோரைக் கணக்கிட்டால் நீரில் மூழ்கியோரே மிகுதி. வழுக்கும் பாறையும் குளிர்ந்த ஓடையும் கரடியினும் கொடியவை. ஆதலின் அங்கே வேண்டப்படுவது வீரமன்று, அடக்கமே. வழி மூடப்பட்டது என்ற பலகையைக் கண்டதும் பல மைல் வந்தவனும் மறுபேச்சின்றித் திரும்புதல் அவ்வடக்கத்தின் உரைகல்லாகும்.

நம் நாட்டிலும் கரடி உண்டு. அது மலையில் வாழ்வதன்று. வன்னிக் காடுகளிலும் வில்பத்திலும் யாலவிலும் பாலைப்பழக் காலத்தில் மரமேறிக் கனியுண்பது. ஹோட்டன் சமவெளியில் நடப்போர்க்குக் கரடியச்சம் இல்லை. ஆயின், கிரனைற் பார்க்கில் நேர்ந்த அதே பிழை நம்மிடமும் காணப்படுகின்றது. ஹோட்டன் சமவெளியில் மரைக்குப் பாண் கொடுத்துப் படம் எடுப்போர் உளர். புத்தல-கதிர்காமப் பாதையில் யானைக்குப் பழம் எறிந்து அதனை வண்டி மறிக்கப் பழக்கியவரும் நம்மவரே. கொடுத்தவர் அன்பென எண்ணி மகிழ்ந்து வீடு செல்வர். மறுநாள் வெறுங்கையோடு வருபவரை அவ்விலங்கு மறிக்கும்போது, முதல்நாள் கொடுத்தவர் அங்கே இரார்.

ஆகவே, அயல்நாட்டு மலைகளில் நடக்கும் நம் பழைய மாணவர்க்கும், கல்விச் சுற்றுலாவாக ஹோட்டன் சமவெளிக்குச் செல்லவிருக்கும் இளைய மாணவர்க்கும் கூறவேண்டுவது ஒன்றே. உண்ட உணவின் தோலையும் தாளையும் பையில் இட்டு வீட்டிற்கே கொண்டுவருக. விலங்கிற்கு ஒரு துண்டும் கொடாதீர். நமக்குப் பின்னே அவ்வழியில் யாரோ ஒருவருடைய பிள்ளை நடந்து வருகின்றது என்பதை நினைவிற் கொள்வீராக.