கட்டு என்னும் ஒரு சொல்

டிசம்பர் 8-ஆம் நாள் அமலோற்பவ மாதா திருநாளுக்கு முந்திய மாலை, கெபியின் பக்கத்தில் நாங்கள் வட்டமாக உட்கார்ந்து வாழைநாரில் பூக் கட்டிக்கொண்டிருந்தோம். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எங்கள் நடுவே வந்து அமர்ந்து, “அக்கா, பூவையும் கட்டுகிறோம், வீட்டையும் கட்டுகிறோம், பீஸையும் கட்டுகிறோம். எல்லாம் ஒரே கட்டா?” என்று கேட்டாள். பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களில் ஒருவருக்கும் பதில் சொல்ல நா எழவில்லை. அன்று தொடங்கி நூலகத்திலும் வீட்டுப் பெரியவர்களிடமும் நாங்கள் தேடித் தெரிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறோம்.

தமிழில் பொருள்களைச் சேர்ப்பதற்குச் சொற்கள் பல உண்டு. பசையால் சேர்ப்பது ஒட்டு. ஊசியால் சேர்ப்பது தையல். மணிகளை நூலில் சேர்ப்பது கோத்தல். ஓலையையும் கோரையையும் சேர்ப்பது முடைதல், பின்னுதல். இவற்றுள் கயிறோ, நாரோ, நூலோ சுற்றி முடிச்சிட்டுச் சேர்ப்பதே கட்டு. ஒட்டியதைப் பிரித்தால் கிழியும். கட்டியதையோ அவிழ்த்து எடுக்கலாம். சேர்ந்திருந்த பொருள்களுக்குச் சேதம் இல்லை. இராயப்பருக்கு ஆண்டவர் கொடுத்த அதிகாரத்தை ஞானோபதேச வகுப்பில் படிக்கும்போதும் கட்டுதல், அவிழ்த்தல் என்று இரண்டும் ஒன்றாகவே வருகின்றன அன்றோ!

இச்சொல் நமக்கு மட்டும் உரியதன்று. கன்னடத்திலும் தெலுங்கிலும் கட்டு என்றே வழங்குகிறது, மலையாளத்தில் கெட்டு. கேரளத்துக் காயல்களில் பலகைகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்த படகுக்குக் கெட்டுவள்ளம் என்று பெயர். நம் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் நெடுங்காலம் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் இம்மொழிகள் யாவும் ஒரே குடும்பம் என்பதை விளக்கி 1856-இல் தம் ஒப்பிலக்கண நூலை வெளியிட்டார். பின்னர் பர்ரோ, எமனோ என்னும் இரு அறிஞர்கள் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் இந்தக் கட்டின் உறவுகள் ஒரே இடத்தில் வரிசையாக நிற்கின்றன.

முடிச்சிடுவதற்கு ஏற்பட்ட சொல் வீட்டுக்கு எப்படி வந்தது? மூங்கிலையும் பனங்கையையும் வரிந்து கட்டி, மேலே ஓலை வேய்ந்தே முற்காலத்தில் வீடு எழுப்பினார்கள். அக்காலத்தில் வீடு உண்மையாகவே கட்டப்பட்டது. பிறகு செங்கலும் சுண்ணாம்பும் வந்தன. கயிறு போயிற்று, சொல் தங்கிவிட்டது என்பது எங்கள் எண்ணம். நம் ஊர்ப் பழைய வீடுகளில் முதற்கட்டு, இரண்டாங்கட்டு என்று பகுதிகளுக்கே கட்டு என்று பெயர். பாளையங்கோட்டையையும் திருநெல்வேலியையும் இணைக்கும் பாலத்தையும் ‘சுலோசன முதலியார் கட்டிய பாலம்’ என்றே சொல்கிறோம். 1843-இல் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு அவர் கட்டியது அது. 11 வளைவுகள் கொண்டது. அதற்கு முன் ஆற்றில் வெள்ளம் வந்தால் படகுக்குக் காத்து நிற்க வேண்டும்.

அந்த ஆற்றிலேயே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்பன அவை. (நதியுண்ணி என்று பெயரிட்டவர் பெரிய நகைச்சுவைக்காரராக இருந்திருக்க வேண்டும்.) முதல் ஏழும் பழங்காலத்தவை, ஸ்ரீவைகுண்டத்து அணை 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டியது. இவை நீரைத் தேக்கி வைக்கும் பெரிய அணைகள் அல்ல. ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கல் அடுக்கி, நீர்மட்டத்தைச் சிறிது உயர்த்திக் கால்வாய்க்குள் திருப்பிவிடுகின்றன. இவற்றைப் போன்றவற்றைக் கண்ட ஆங்கிலேயர் தங்கள் மொழியிலும் வேறு பெயர் தேடாமல் ‘அனிகட்’ என்றே எழுதிக்கொண்டார்கள்.

கட்டுமரத்தின் கதை இன்னும் சுவையானது. எடை குறைந்த சில மரங்களைச் செதுக்கிப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டினால் அதுவே கட்டுமரம். ஆணி கிடையாது. அலை மேலே புரண்டாலும் மரங்களின் இடுக்கு வழியே தண்ணீர் வடிந்துவிடும், ஆகையால் மூழ்காது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் காயப்போடுவார்கள். இல்லாவிட்டால் நீர் ஊறிக் கனத்துவிடும். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலில் இப்பெயரை எழுதினார். இன்று உலகமெங்கும் ‘கேட்டமரான்’ என்றால் இரண்டு ஓடங்களை இணைத்த வேகப் படகு என்று பொருள். மணப்பாட்டிலும் உவரியிலும் பைபர் படகுகள் பெருகிவிட்டன. ஆனாலும் எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தா, அந்த வேகப் படகின் படத்தைப் பார்த்து, “இதுல கட்டு எங்கட்டீ இருக்கு?” என்று கேட்டாராம். கேள்வி நியாயமானதே.

இனிச் சிறுமி கேட்ட மூன்றாவது கட்டு. வரி கட்டுதல், பீஸ் கட்டுதல், கட்டணம் எல்லாம் ஓரினம். பணத்தை முடிந்து கொண்டுபோய்க் கொடுத்ததால் வந்திருக்கலாம் என்று நாங்கள் ஊகிக்கிறோம். 1755-இல் கர்னல் ஹெரான் வந்து கப்பம் கேட்டபோது கொடுக்க மறுத்தவர் பூலித்தேவர். நெல்லைக் கப்பமாகக் கட்டாத ஊர் ஆகையால் நெற்கட்டான்செவல் என்று பெயர் வந்தது என்று அவ்வூர்ப் பக்கம் சொல்வார்கள். நெற்கட்டும்செவல் என்றும் அப்பெயர் வழங்குகிறது.

ஒரு கட்டு மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் அச்சம் தருகிறது. “மூத்தவளை எந்த ஊர்லே கட்டிக் கொடுத்திருக்கு?” என்று நம் ஊரில் கேட்பார்கள். தாலி கட்டுவதிலிருந்து வந்த பேச்சுதான். ஆனால் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவதற்குள் அத்தைமார் அதைக் கேட்கத் தொடங்கும்போது, பூப்போலவும் கன்றுக்குட்டிபோலவும் நாமும் கட்டப்படும் பொருளாகிவிடுகிறோமே என்று தோன்றுகிறது.

இக்கட்டுரையை (இதுவும் கட்டிய உரைதானே!) வகுப்பில் படித்துக் காட்டியபோது, பின்வரிசைத் தோழி ஒருத்தி எழுந்து, “பீடிக்கட்டை ஏன் விட்டுவிட்டீர்கள்?” என்று கேட்டாள். அவளுடைய அம்மா முறத்தை மடியில் வைத்துப் பகலெல்லாம் பீடி சுற்றுபவர். இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, ஒவ்வொன்றுக்கும் நூல் கட்டி, பிறகு கட்டுக்கட்டாக்கிக் கடையில் கொடுக்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. “கட்டுபடியாகல, ஆனா உன் பீஸைக் கட்டணுமே” என்று அம்மா சொல்வாராம். விடுமுறை நாட்களில் நூல் கட்டும் வேலை தன்னுடையது என்றும் அவள் சொன்னாள். அவள் சொன்னபடியே இதைச் சேர்த்திருக்கிறோம். ஆறாம் வகுப்புச் சிறுமியையும் கூப்பிட்டு அவளிடமே கேட்டுக்கொள்ளச் சொன்னோம். இருவரும் மைதானத்துப் புங்கமரத்தடியில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.