உறக்க மூச்சடைப்பின் கடுமையை இரத்தம் காட்டுமா?

மூச்சு நிற்கும் கணக்கு

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மேல் சுவாசப்பாதை அடைபடுவதால், 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றோ குறைந்தோ போவது உறக்க மூச்சடைப்பு எனப்படும். மணிக்கு இத்தகைய தடைகள் 5 முதல் 15 வரை நேர்ந்தால் இலேசானது, 15ஐத் தாண்டினால் மிதமானது, 30ஐ எட்டினால் கடுமையானது. இதை எண்ணுவதற்கு வழக்கமாக மூளை அலை, மூச்சோட்டம், இரத்த ஆக்சிஜன் ஆகியவற்றை இரவு முழுதும் பதியும் பாலிசோம்னோகிராபி ஆய்வு வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரியோடு வரிசையில் காத்திருக்கும் ஓட்டுநருக்கும், காசிமேட்டிலிருந்து விசைப்படகில் பல நாள் கடலுக்குச் செல்லும் மீனவருக்கும் ஆய்வகத்தில் ஓரிரவு தங்குவது எளிதன்று என்பதால், இரத்தப் பரிசோதனையே போதுமா என்ற கேள்வி வடசென்னையில் வலுவாக எழுகிறது.

இரத்தத்தில் பதியும் தடயங்கள்

ஆக்சிஜன் மீண்டும் மீண்டும் தாழ்ந்து உயரும்போது உடலில் அழற்சி தூண்டப்பட்டு, கல்லீரல் சுரக்கும் சி-ரியாக்டிவ் புரதமும், இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சித் தூதுப்பொருள்களும் கூடுகின்றன. ஆக்சிஜன் குறைவை உயிரணுக்கள் உணரும் வழியில் முதன்மையானது எச்.ஐ.எஃப்-1 என்னும் புரதம்; அவ்வழியை விளக்கிய மூவருக்கு 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கடுமையான நோயாளர் குழுவில் இவற்றின் சராசரி உயர்ந்திருக்கக் காணப்பட்டாலும், ஒரு குழுவின் சராசரியைக் கொண்டு தனி ஒருவரின் கடுமையைத் தீர்மானிக்க இயலாது. உடற்பருமன் தனியாகவே சி-ரியாக்டிவ் புரதத்தை ஏற்றிவிடும்.

வடசென்னையின் குறுக்கீடு

மணலிச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் வட்டார அனல்மின் நிலையங்கள், துறைமுக நிலக்கரி, டீசல் புகை ஆகியவை சூழ்ந்த திருவொற்றியூரில் வாழ்பவரின் இரத்தத்தில் அழற்சிக் குறியீடு உயர்ந்திருந்தால், அதற்குக் காரணம் மூச்சடைப்பா நுண்துகளா என்று அக்குறியீடு பிரித்துச் சொல்லாது. புகைபிடிப்பவர்க்குக் கார்பன் மோனாக்சைடு சிவப்பணுக்களைப் பெருக்குவதால் ஹீமோகுளோபின் அளவும் நம்பத்தக்க சான்றன்று. குறியீடு இயல்பாக இருப்பதால் நோயில்லை என்று நிம்மதி கொள்வதோ இன்னும் ஆபத்தானது.

பைகார்பனேட்

மலிவான ஒரு சோதனைக்கு மட்டும் தெளிவான இடமுண்டு. மூச்சு போதாமையால் தேங்கும் கரியமில வாயுவைச் சமன்செய்யச் சிறுநீரகம் தேக்கி வைக்கும் பைகார்பனேட், பருமனானவருக்கு லிட்டருக்கு 27 மில்லிமோலை எட்டினால், விழித்திருக்கும்போதும் மூச்சு போதாத பருமன்சார் குறைமூச்சு நிலை உள்ளதா என ஆராய வேண்டும். ஆனால் அது மூச்சுத் தடைகளை எண்ணித் தராது. எண்ணித் தரும் கையடக்கக் கருவியை வீட்டிலேயே அணிந்து உறங்கலாம். இரவுப் பணியாளர் அதைத் தாம் வழக்கமாக உறங்கும் பகலில் அணிவதே முறை.