உச்சிவெயிலில் உறையும் ஐஸ்

பாஞ்சாலங்குறிச்சிக் கரிசலில் இருந்து தூத்துக்குடி உப்பளம் வரை வெயிலுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. உப்பளக்காரர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகக் காசாக்கி வருகிறார்கள். பாத்தியில் நீரைக் கட்டிவிட்டால் பெரும்பாதி வேலையை வெயிலே பார்த்துவிடும். மற்ற தொழில்கள் இப்போதுதான் தங்கள் கூரையை அண்ணாந்து பார்க்கின்றன.

அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி வந்திறங்கும் வ.உ.சி. துறைமுகத்திலேயே, 5 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு சுமார் 20 கோடி ரூபாய். எதிர்பார்த்த உற்பத்தி ஆண்டுக்கு 80 லட்சம் யூனிட். வகுத்துப் பார்த்தால், ஒரு கிலோவாட்டுக்கு 40,000 ரூபாய் செலவு, ஆண்டுக்கு 1,600 யூனிட் வரவு. யூனிட்டுக்கு 7 ரூபாய் மிச்சம் என்று வைத்தாலும் நான்கு ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். வருமான வரியில் 40 சதவீதத் தேய்மானச் சலுகை வேறு.

சோலார் விற்க வருபவர்கள் காட்டுவதும் ஏறக்குறைய இந்தக் கணக்குதான். கணக்கில் பிழையில்லை. ஆனால் விளைந்த மின்சாரத்தை விளைந்த நேரத்திலேயே நாமே செலவழித்தால்தான் அது பலிக்கும். மிஞ்சியதை மின்வாரியத்துக்குக் கொடுத்தால், நாம் வாங்கும் விலை கிடைக்காது. உயரழுத்த இணைப்பு உள்ள ஆலைகளுக்கு மாலை 6 முதல் 10 மணி வரை கட்டணம் 25 சதவீதம் கூடுதல். அந்நேரம் சூரியன் கைகொடுக்காது. ஆக, கூரை எவ்வளவு பெரியது என்பதைவிட, மோட்டார் எப்போது ஓடுகிறது என்பதுதான் முக்கியம்.

இங்கேதான் மீன்பிடித் துறைமுகத்தை நம்பியிருக்கும் ஐஸ் ஆலைகளுக்கு ஒரு வசதி. 30 டிகிரியில் இருக்கும் ஒரு டன் தண்ணீரைப் பனிக்கட்டியாக்க, அதிலிருந்து சுமார் 128 யூனிட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். கம்ப்ரசர் ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு இரண்டு, மூன்று யூனிட் வெப்பத்தை இறைத்துவிடும் என்பதால் ஏறத்தாழ 50 யூனிட் மின்சாரம் போதும். 100 கிலோவாட் கூரை நாளொன்றுக்குத் தரும் 440 யூனிட்டில், பம்புச் செலவு போக, எட்டு டன் ஐஸ். 50 கிலோ பாராக எண்ணினால் 160 பார்.

பார் முழுதாக உறைய அரை நாளுக்கும் மேல் பிடிக்கும். அதனால் பொழுது சாய்ந்ததும் ஆலையை நிறுத்திவிட முடியாது. ஆனால் அச்சுகள் மூழ்கியிருக்கும் உப்புக் கரைசல் மைனஸ் 10 டிகிரியிலும் உறையாது. நண்பகலில் அதை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குளிரவைத்தால், கட்டணம் ஏறும் மாலை நேரத்தில் கம்ப்ரசருக்குச் சற்று ஓய்வு தரலாம். பாட்டரி வாங்காமலேயே வெயிலைச் சேமிக்கும் வழி இது. விடியுமுன் கிளம்பும் விசைப்படகுகளுக்கு ஐஸும் தயார்.

கடலோரத்துக்கென்று சில தொல்லைகளும் உண்டு. சோலார் தகட்டின் திறனை 25 டிகிரியில் அளந்து குறிப்பார்கள். நம் ஊர்க் கூரையில் அது 60 டிகிரியைத் தொடும்போது உற்பத்தி எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். கடற்காற்று கொஞ்சம் தணிக்கும்தான், ஆனால் சும்மா வராது, உப்பையும் கொண்டுவரும். உப்புப்படலம் ஈரத்தை இழுத்துத் தூசியைப் பிடித்துவைக்கும், வெட்டிய இரும்பு முனைகளை அரிக்கும். ‘ஐ.இ.சி. 61701’ என்ற உப்புமூட்டச் சோதனையில் தேறிய தகடா என்று கேட்டு வாங்குவது நல்லது. உவர்நீர் போர்வெல்லில் கழுவினால் கண்ணாடியில் வெள்ளைப் படிவுதான் மிஞ்சும். நல்ல தண்ணீருக்கும் கணக்கில் இடம் ஒதுக்க வேண்டும்.

இன்னொன்றைப் பலரும் பொருத்திய பிறகே தெரிந்துகொள்கிறார்கள். கரண்ட் போனால் சாதாரண சோலார் இன்வெர்ட்டரும் நின்றுவிடும், வெயில் கொளுத்தினாலும் சரி. கம்பியில் வேலை செய்யும் மின் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வெயில் உச்சத்தில் இருக்கும் அந்த 61 நாளில் வள்ளங்கள் மட்டும்தான் ஐஸ் கேட்டு வரும். அக்டோபருக்குப் பிறகு படகுகள் ஓடும், வானமோ மூடிக்கிடக்கும். கூரை கொள்ளுமட்டும் தகடு பதித்த ஆலை, மே மாதம் முழுக்க மின்வாரியத்துக்கு மலிவு விலையில் மின்சாரம் விற்றுக்கொண்டிருக்கும். எத்தனை கிலோவாட் போடலாம் என்று முடிவெடுக்குமுன், போன ஆண்டு மே மாத மின் கட்டண ரசீதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வது உத்தமம்.