ஈசினோபில் பெருக்கம்



“எனக்கு ஈசினோபீலியா” என்று சொல்லிக்கொள்வோரை நம் ஊர்களில் அடிக்கடி காண்கிறோம். காமாலை, நீரிழிவு என்பன போல அதுவும் ஒரு நோயின் பெயர் என்றே அவர்கள் எண்ணுகின்றனர். உண்மையில் அது நோயன்று. இரத்தத்தில் ஒருவகை வெள்ளணுக்கள் அளவுக்கு மேல் மிகுந்துள்ளன என்னும் செய்தியே ஆகும். ஏன் மிகுந்தன என்பதை அதன்பின்னரே தேட வேண்டும்.

ஈசின் என்பது ஒரு செஞ்சாயம். கிரேக்க மொழியில் விடியலைக் குறிக்கும் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. இச்சாயத்தை விரும்பி ஏற்கும் துகள்கள் நிறைந்த வெள்ளணுக்களை 1879-இல் பால் எர்லிக் என்ற ஜெர்மானிய அறிஞர் பிரித்தறிந்தார். அப்போது அவர் இருபத்தைந்து வயதளவில் இருந்த இளைஞர். நலமுள்ளவர் உடலில், நூறு வெள்ளணுக்களுக்கு 1 முதல் 6 வரையே இவை இருக்கும். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 500-க்கு மேற்பட்டால் அது மிகுதி.

நுண்கிருமியை வெள்ளணு விழுங்கிவிடும். ஒரு புழுவை விழுங்க இயலுமா? ஆகவே ஈசினோபில் அணுக்கள் புழுவின் மேல் ஒட்டிக்கொண்டு, தம் துகள்களில் உள்ள நஞ்சினை அதன்மீது பொழிகின்றன. வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்து நுழையும் கொக்கிப்புழு முதலியவை இவ்வணுக்களைப் பெருக்குவது இதனாலேயே. ஆஸ்துமா, ஒவ்வாமை, சில மருந்துகள், அரிதாக இரத்தப் புற்றுநோய் ஆகியவையும் காரணங்களாம்.

நம் நாட்டிற்கே சிறப்பாக உரிய காரணம் வேறொன்று உண்டு. மதனப்பள்ளி இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ளது; அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அங்குள்ள காசநோய் மருத்துவமனைக்கு இருமலும் இளைப்பும் கொண்டு வந்தோருள் சிலருக்கு எக்ஸ்ரே படத்தில் புள்ளிகள் தெரிந்தன. ஆனால் காசக்கிருமி இல்லை. ஈசினோபில் மட்டும் மிக உயர்ந்திருந்தது. பிரிமாட் மோலர், பார்ட்டன் என்னும் மருத்துவர்கள் 1940-இல் இதனை எழுதினர். 1943-இல் வைன்கார்ட்டன் என்பவர் இதற்கு ‘வெப்பமண்டல ஈசினோபீலியா’ என்று பெயரிட்டார். யானைக்கால் நோயைத் தரும் புழுவே இதற்கும் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. கொசுவின் வழியாக வரும் அப்புழுவின் குஞ்சுகள் பெரும்பாலோர் இரத்தத்தில் இரவு நேரத்தில் உலவுகின்றன. மிகச் சிலருக்கோ, உடல் பெருஞ்சினம் கொண்டு அவற்றை நுரையீரலிலேயே மடக்கி அழிக்கிறது. எனவே அவர்களது இரத்தத்தில் புழுக்குஞ்சு அகப்படுவதில்லை; ஈசினோபில் எண்ணிக்கை 3,000-ஐயும் கடக்கும்.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றின் விடுதியில், நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து இருமும் மாணவன் ஒருவன் இருந்தான். காசம் என்று அஞ்சி அவனுக்குத் தட்டும் குவளையும் தனியாக வைத்துவிட்டனர். நகரத்து மருத்துவர் ஒருவர் இரத்தத்தைச் சோதித்து, 1947-இல் வழக்கிற்கு வந்த டைஎத்தில்கார்பமசீன் மாத்திரையை மூன்று வாரம் கொடுத்தார். முதல் வாரத்திலேயே விடுதி உறங்கத் தொடங்கியது. இம்மருந்தால் தேறியோருள்ளும் சிலருக்கு நுரையீரல் அழற்சி சிறிது எஞ்சுவதுண்டு. மீண்டும் சோதித்துப் பார்த்தல் வேண்டும்.

கவனியாது விட்டால் என்ன ஆகும்? புழுவைக் கொல்லும் நஞ்சுக்குத் தன்னுடல், பிறவுடல் என்னும் வேற்றுமை இல்லை. நுரையீரல் தழும்பேறித் தடித்து, மூச்சு நிலையாகக் குறைந்துவிடும். காரணம் எதுவாயினும், எண்ணிக்கை 1,500-க்கு மேல் நெடுநாள் நீடித்தால் இதயத்திற்கும் இடருண்டு. இதயத்தின் உட்சுவர் தடித்து விறைப்பதை ஸ்விட்சர்லாந்து நாட்டு மருத்துவர் லோப்லர் 1936-இல் விளக்கினார். அங்கு உறையும் இரத்தக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தையும் விளைவிக்கலாம்.

எண்ணிக்கையை மட்டும் இறக்கிவிட ஸ்டீராய்டு மாத்திரைகள் உள்ளன. விரைவில் இறக்கியும் விடும். சில நோய்களில் அதுவே உரிய மருந்து. ஆனால் குடலில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்னும் நூல்போன்ற புழு இருப்பவர் அதனை உண்டால், உடலின் காவல் தளர்ந்து, புழு பல்கிப் பெருகி, நுரையீரல் முதலிய உறுப்புகளிலும் பரவி உயிரையே பறிக்கக்கூடும். அதனால்தான் இருமலுக்காகச் சென்றவரிடம், மலத்தையும் சோதித்து வருமாறு மருத்துவர் சொல்லுகிறார். நாணத்தால் அச்சீட்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்வோரை நான் அறிவேன்.