நெற்றிப் பட்டி கட்டும் கைகள்



தலை அலங்காரப் பொருட்கள் செய்வது எமது பெண்களுக்குப் புதிய தொழில் அல்ல. சாமத்திய வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் சடைநாகம், வேணி, கொண்டைமாலை என்று கட்டிக் கொடுப்போர் மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் இருக்கிறார்கள். ஆனால் சென்ற வருடம் படுவான்கரையில் எங்கள் பெண்கள் குழுவுக்கு வந்த வேலை சற்று வேறுவிதமானது. கொழும்புக் கடை ஒன்று நாற்பது தலைப்பட்டிகள் கேட்டு, கைபேசியில் ஒரு படமும் அனுப்பியிருந்தது. குட்டையாக வெட்டிய முடி, நெற்றியைச் சுற்றி மணி தைத்த பட்டி, காதுக்கு மேலே ஒரு சிறகு. "நம்மட நெற்றிச்சுட்டியச் சுத்திவர இழுத்துக் கட்டின மாதிரி இருக்கு" என்றார் ஓர் அக்கா. அவர் சொன்னது நல்ல விளக்கம்தான்.

இது நூறு வருடத்துக்கு முந்திய அலங்காரம். 1920களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இப்படி முடியை வெட்டி, பட்டி கட்டி, ஊரார் பேச்சைப் பொருட்படுத்தாமல் நடமாடிய இளம்பெண்களை 'ஃபிளாப்பர்' என்று அழைத்தார்கள். அது வெறும் நாகரிக மோகம் என்று சொல்லிவிட முடியாது. 1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் தொழிற்சாலைகளில் வேலைக்கு இறங்கினார்கள். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நீண்ட கூந்தல் ஆபத்தானது. போர் முடிந்த பிறகும் பலர் பழைய கோலத்துக்குத் திரும்பவில்லை.

நெற்றிப் பட்டியைப் பரவச் செய்தவர்களில் ஒருவர் ஐரீன் காசில் என்ற அமெரிக்க நடனக் கலைஞர். சத்திரசிகிச்சை ஒன்றுக்காக 1914 அளவில் முடியை வெட்டிக்கொண்ட அவர், கட்டைமுடி அடங்கி நிற்பதற்காக ஒரு சிறுமுத்து மாலையை நெற்றியைச் சுற்றிக் கட்டினார். அதைப் பார்த்த பெண்கள் தாங்களும் கட்டத் தொடங்கினார்கள். அவருடைய கணவர் வேர்ணன் காசில் பிரித்தானிய விமானப் படையில் சேர்ந்து, 1918 பெப்ரவரியில் டெக்சஸில் விமானப் பயிற்சியின்போது விபத்தில் இறந்தார். போர்க்காலத்தில் கணவனை இழந்த பெண்தான் ஐரீன். அதன் பிறகும் அவர் திரைப்படங்களில் நடித்தார், மறுமணமும் செய்துகொண்டார்.

1928இல் பிரித்தானியாவில் 21 வயதுப் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை கிடைத்தபோது, பத்திரிகைகள் அதை 'ஃபிளாப்பர் வாக்கு' என்று நையாண்டி செய்தன. மூன்று வருடம் கழித்து, 1931இல், 21 வயது நிரம்பிய இலங்கைப் பெண்களுக்கும் அந்த உரிமை வந்தது. நையாண்டி செய்தவர்களின் பெயர்கள் இன்று யாருக்கு நினைவிருக்கின்றன?

எங்கள் குழுவில் பதினொரு பேர். அவர்களில் ஏழு பேர் கணவனை இழந்தவர்கள் அல்லது கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர்கள். பட்டி தைத்தால் அளவு பார்க்க ஒரு தலை வேண்டும். ஆகவே ஒருவர் தலையில் மற்றவர் கட்டிப் பார்த்தார்கள், சிரித்தார்கள், கண்ணாடியைக் கைமாற்றினார்கள். படலையில் சைக்கிள் சத்தம் கேட்டதும், "கழட்டுகா, ஆரும் கண்டா என்ன செல்லுவாங்க" என்று ஒரு குரல். ஏழு தலைகளும் ஒரு நொடியில் வெறுமையாயின. மற்ற நால்வரும் கழற்றவில்லை. கழற்ற வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு வரவில்லை.

இந்த ஏழு பேரில் ஓர் அக்கா, தன் தங்கையின் மகள் பெரியபிள்ளையானபோது சடைநாகம் முழுவதையும் தன் கையாலேயே கட்டிக் கொடுத்தவர். வீட்டு வாசலில் அதை வாங்கிக்கொண்டார்கள். பிள்ளையின் தலையில் வைக்க வேறொருவரைக் கூப்பிட்டார்கள். அவர் போட்ட ஆயிரம் முடிச்சிலும் இல்லாத அமங்கலம் அவர் விரலில் மட்டும் இருக்கிறதாம்! கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் நிலை இன்னும் சங்கடமானது. பொட்டு வைத்தாலும் பேச்சு, வைக்காவிட்டாலும் பேச்சு. அந்த அக்காவின் சொந்த மகளுக்கு வரும் ஆவணியில் சடங்கு. சடைநாகத்தைத் தானே வைக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய தாயார் ஆமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

இனி, செய்யும் முறையைச் சொல்கிறேன். நெற்றியிலிருந்து பின்தலைவரை நாடாவால் சுற்றி அளக்க வேண்டும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 54 முதல் 58 சென்ரிமீற்றர்வரை வரும். பின்பக்கம் ஒரு துண்டு இலாஸ்டிக் வைத்தால் ஒரே பட்டி பல தலைக்கும் பொருந்தும். அடித்துணிக்குக் கடையில் புதிதாக வாங்கத் தேவையில்லை. தையற்கடைகளில் ஒதுக்கும் வெட்டுத்துண்டுகள் போதும், மருதமுனைக் கைத்தறித் துண்டு கிடைத்தால் இன்னும் உறுதி. இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்தால்தான் மணியின் பாரத்துக்குத் துணி தொய்யாது.

மணி கோக்கச் சாதாரண நூல் விரைவில் அறுந்துவிடும். எங்கள் பெண்கள் தூண்டிலுக்குப் பாவிக்கும் மெல்லிய தங்கூசியை எடுத்தார்கள். வலை பொத்திப் பழகிய கைக்கு அதில் முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? மினுங்கும் வட்டத் தகடு தைக்கும்போது ஊசியைத் தகட்டின் துளையால் மேலே எடுத்து, ஒரு சிறுமணியைக் கோத்து, அதே துளையால் திரும்பக் கீழே இறக்க வேண்டும். மணி தகட்டைப் பிடித்துக்கொள்ளும், நூலும் வெளியே தெரியாது. நாலைந்து மணிக்கு ஒருமுறை பின்பக்கம் முடிச்சுப் போட்டுவிட்டால், ஓரிடத்தில் அறுந்தாலும் முழு வரிசையும் கொட்டாது.

அந்தக் காலத்துப் பட்டிகளில் விசிறி, சூரியக் கதிர், படிக்கட்டு போன்ற கோலங்கள் அதிகம். 1922இல் எகிப்தில் துட்டன்காமுன் மன்னனின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்ட பின் தாமரையும் சேர்ந்துகொண்டது. தாமரைக்கு நாம் படம் தேட வேண்டியதில்லை, குளத்தைப் பார்த்தால் போதும். சிறகுக்கு வீட்டுச் சாவலின் வால் இறகு மிகவும் அழகு. இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். காட்டுப் பறவைகளின் இறகைத் தேடிப் போக வேண்டாம்.

விலை விடயத்தில்தான் நமது பெண்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மணிக்கும் துணிக்கும் கணக்குப் பார்ப்பவர்கள், தங்கள் நேரத்துக்குப் பார்ப்பதில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். பொருட்செலவு 350 ரூபாய், வேலை 3 மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வோம். 8 மணித்தியாலத்துக்கு நாட்கூலி 1,600 ரூபாய் என்றால் மணிக்கு 200, ஆகவே கைக்கூலி 600. மொத்தம் 950. விற்றபின் பணம் தரும் கடை நூற்றுக்கு 30 எடுக்குமானால், பலரும் 950க்கு 30 வீதம் கூட்டி 1,235 என்று விலை போடுவார்கள். கடையோ அந்த 1,235இலிருந்துதான் 30 வீதத்தை எடுக்கும். கையில் வருவது 864 ரூபாய் 50 சதம், குறைவது உங்கள் கூலியில். 950ஐ 70ஆல் பிரித்து 100ஆல் பெருக்குங்கள், 1,357 வரும். அதுதான் கடையில் ஒட்ட வேண்டிய விலை. கூலித் தொகையை உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளலாம்.

அனுப்பும்வரை பட்டிகளை மூடியுள்ள தகரத்தில், மெல்லிய துணியில் கட்டிய வறுத்த அரிசியோடு வையுங்கள். வாவிக் காற்றுக்குக் கம்பியும் கொளுக்கியும் விரைவில் கறுத்துவிடும்.