கெளுத்தி என்றால் எந்தக் கெளுத்தி?

அரிசி மூட்டை இறக்கும்போது ரகம் கேட்காமல் நாம் இறக்குவதில்லை. பருப்பானாலும் மிளகாயானாலும் அப்படித்தான். ஆனால் உயிர்மீன் விற்கும் நம் உறுப்பினர்கள் சிலர் "கெளுத்தி" என்ற ஒரு சொல்லை நம்பியே சரக்கு எடுக்கிறார்கள். இதில் உள்ள ஆபத்தை அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

செதிலின்றி மீசையோடு வரும் பல மீன்களையும் கெளுத்தி என்றே சொல்கிறோம். அவற்றில் ஒரு பேரினம் கிளாரியஸ். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலுமாக இதில் சுமார் 60 இனங்கள் உள்ளன. செவுளுக்கு மேலே மரக்கிளை போன்ற ஓர் உறுப்பு இருப்பதால் இவை காற்றையும் சுவாசிக்கும். ஈரம் இருந்தால் தண்ணீருக்கு வெளியேயும் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். ஐஸ் செலவு குறைவு, சேதாரமும் குறைவு. வியாபாரிக்கு இம்மீன் பிடித்துப்போவது இதனால்தான்.

இவற்றுள் மாகூர் நம் நாட்டு இனம். பீகாரின் மாநில மீன். ஆப்பிரிக்கக் கெளுத்தி வேறு இனம். வடநாட்டுச் சந்தைகளில் இதற்குத் "தாய் மாகூர்" என்று பெயர். ஊர் ஆப்பிரிக்கா, பெயர் தாய்லாந்து! வேகமாக வளரும், விலையும் மலிவு. ஆனால் கிடைத்ததையெல்லாம் தின்னும். வெள்ளத்தில் குளத்தைவிட்டு ஆற்றில் இறங்கினால் நாட்டு மீன்களை அழித்துவிடும். இறைச்சிக் கழிவைக் கொட்டி இதை வளர்ப்பவர்களும் உண்டு. எனவே மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் இதன் வளர்ப்பைத் தடை செய்தது. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் இம்மீன்களை அழிக்க உத்தரவிட்டது. தமிழ்நாட்டிலும் மீன்வளத்துறையினர் இவற்றைக் கண்டுபிடித்து அழித்ததுண்டு. அழிக்கப்படும் சரக்குக்கு முதல் திரும்பாது.

அடையாளம் எப்படி? நாட்டு மாகூர் பெரும்பாலும் ஒன்றரை அடியைத் தாண்டாது. ஆப்பிரிக்க இனம் ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். ஆனால் சிறு வயதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கண்ணை மட்டும் நம்புவதற்கில்லை.

ஆகவே, இனத்தின் பெயரும் பண்ணையின் பெயரும் எழுதிய பில் இல்லாமல் சரக்கு எடுக்க வேண்டாம். விலை மிக மலிவாக வந்தால் காரணம் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் காட்டித் தெளிவு பெறுங்கள். தெரியாமல் விற்றேன் என்று சொன்னால் வாடிக்கையாளர் ஏற்கமாட்டார். நம் தொழிலுக்கு நாணயமே முதல்.