போர்பன் பீப்பாயும் இந்திய மால்ட் விஸ்கியும்

போர்பன் என்பது மக்காச்சோளத்தை முதன்மைத் தானியமாகக் கொண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வடிக்கப்படும் விஸ்கி வகையாகும். உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் மரக் கலனில் அதை முதிரவைக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஒருமுறை போர்பன் வைத்த பீப்பாயில் மறுமுறை போர்பன் வைக்க முடியாது. எனவே காலியான பீப்பாய்கள் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இந்தியா எனப் பல நாடுகளுக்குச் செல்கின்றன. பெங்களூரின் அம்ருத் வடிசாலையும் கோவாவின் பால் ஜான் வடிசாலையும் தங்கள் மால்ட் விஸ்கியைப் பெரும்பாலும் இத்தகைய பீப்பாய்களில்தான் முதிரவைக்கின்றன.

ஒரே வகைப் பீப்பாய் மூன்று வெவ்வேறு தட்பவெப்பங்களில் மூன்று விதமாக வேலை செய்கிறது. இதனால் புட்டியின் மேல் அச்சிடப்படும் வயது எல்லா ஊருக்கும் ஒரே பொருள் தருவதில்லை. விஸ்கியைச் சேகரிப்பவர், சுவைத்தறிபவர், வடிசாலையைப் பார்க்கச் செல்பவர் ஆகிய எல்லோருக்கும் இந்த வேறுபாடு அடிப்படையானது.

போர்பனின் சட்ட வரையறை

1964ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் போர்பனைத் தன் நாட்டிற்கே உரிய தனித்தன்மை வாய்ந்த பொருளாக அறிவித்தது. அதன் முதன்மை விதிகள் வருமாறு:

• தானியக் கலவையில் மக்காச்சோளம் குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும். மீதி பெரும்பாலும் ரை அல்லது கோதுமை, முளைகட்டிய வாற்கோதுமை ஆகியவையாக இருக்கும்.
• வடிக்கும்போது ஆல்கஹால் அளவு 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.
• பீப்பாயில் ஊற்றும்போது 62.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.
• புட்டியில் அடைக்கும்போது 40 விழுக்காட்டிற்குக் குறையக் கூடாது.
• நிறமோ சுவையூட்டியோ சேர்க்கக் கூடாது. குறைந்தது இரண்டு ஆண்டு முதிர்ந்து மற்ற விதிகளுக்கும் உட்பட்டதே ‘ஸ்ட்ரெய்ட் போர்பன்’ எனப்படும்.

கென்டக்கி மாநிலத்தில் மட்டுமே போர்பன் செய்ய முடியும் என்பது பரவலான தவறான எண்ணம். அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் செய்யலாம். ஆனால் பெரும்பகுதி கென்டக்கியில்தான் உற்பத்தியாகிறது.

இத்தகைய விதிகளுக்குப் பின்னால் கலப்படத்தின் வரலாறு உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் சாராயத்தில் நிறமும் மணமும் கலந்து ‘பழைய விஸ்கி’ என்று விற்றவர்கள் அங்கு ஏராளம். அதைத் தடுக்க 1897இல் ஒரு சட்டம் வந்தது. ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசு மேற்பார்வையில் குறைந்தது நான்கு ஆண்டு முதிர்ந்து, 50 விழுக்காடு ஆல்கஹாலுடன் அடைக்கப்பட்டதே ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்னும் முத்திரையைப் பெறலாம் என்று அச்சட்டம் வகுத்தது. அந்த முத்திரை இன்றும் வழக்கில் உள்ளது.

பீப்பாய் செய்யும் வேலை

வடிகலனிலிருந்து வரும் சாராயம் தண்ணீர் போல் நிறமற்றது. போர்பனின் செம்பழுப்பு நிறம் முழுவதும் மரத்திலிருந்து கிடைப்பதே. சுமார் 200 லிட்டர் கொள்ளும் பீப்பாயின் உட்புறத்தைச் சில நொடிகள் முதல் ஒரு நிமிடம் வரை தீயில் கருக்குகிறார்கள். அப்போது மரத்திலுள்ள சில சர்க்கரைப் பொருள்கள் உருகிக் கருகி ‘கேரமல்’ சுவையாகின்றன. லிக்னின் என்னும் பொருள் சிதைந்து வெனிலாவின் மணப்பொருளான வெனிலின் உண்டாகிறது. மேற்பரப்பில் படியும் கரி, சாராயத்திலுள்ள கந்தக நெடியை உறிஞ்சிக் கொள்கிறது.

பகல் வெப்பத்தில் திரவம் விரிந்து மரத்தின் நுண்துளைகளுக்குள் புகுகிறது. குளிரும்போது சுருங்கி, மரத்தின் சாரத்துடன் வெளியே வருகிறது. அதே துளைகளின் வழியே காற்று உள்ளே வருகிறது. ஆல்கஹாலும் நீரும் ஆவியாக வெளியேறுகின்றன. இந்த இழப்பைத் தொழிலில் ‘தேவதைகளின் பங்கு’ என்பார்கள்.

புதிய பீப்பாய் முதல் தடவையிலேயே தன் சாரத்தின் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். இரண்டாம் தடவை அது மென்மையாக வேலை செய்யும். வெப்ப நாடுகளுக்கு இது பொருத்தமானது. கடும் வெப்பத்தில் புதிய ஓக்கை மட்டும் பயன்படுத்தினால் சில ஆண்டுகளிலேயே மரக் கசப்பும் துவர்ப்பும் மற்றச் சுவைகளை மூடிவிடக்கூடும்.

இடத்திற்கு ஏற்ற இழப்பு

ஸ்காட்லாந்தில் ஆண்டிற்குச் சுமார் 2 விழுக்காடு ஆவியாகிறது. கென்டக்கியில் இது தோராயமாக 4 விழுக்காடு. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உள்ள பெங்களூரில் 10 விழுக்காட்டிற்கும் மேல் போகிறது. 200 லிட்டர் பீப்பாய் ஒன்றில் ஆண்டுதோறும் முறையே 2, 4, 10 விழுக்காடு குறைவதாகக் கொண்டு கணக்கிட்டால் மிஞ்சுவது இவ்வளவு:

• 4 ஆண்டுகளில்: ஸ்காட்லாந்து 184 லிட்டர், கென்டக்கி 170 லிட்டர், பெங்களூரு 131 லிட்டர்.
• 8 ஆண்டுகளில்: ஸ்காட்லாந்து 170 லிட்டர், கென்டக்கி 144 லிட்டர், பெங்களூரு 86 லிட்டர்.
• 12 ஆண்டுகளில்: ஸ்காட்லாந்து 157 லிட்டர், கென்டக்கி 123 லிட்டர், பெங்களூரு 56 லிட்டர்.

பன்னிரண்டு ஆண்டு ஸ்காட்ச் விஸ்கி கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதற்கும், பன்னிரண்டு ஆண்டு இந்திய விஸ்கி மிக அரிதாக இருப்பதற்கும் காரணம் இந்தக் கணக்கிலேயே உள்ளது. முக்கால் பீப்பாய் காற்றில் போனபின் மிஞ்சுவதை அதிக விலைக்கு விற்காமல் கட்டுப்படியாகாது. பல இந்திய மால்ட் புட்டிகளில் வயதே குறிப்பிடப்படுவதில்லை. ‘நான்கு ஆண்டு’ என்று போட்டால், ஸ்காட்லாந்துக் கணக்கில் பழகியவர்கள் அதை இளம் சரக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள்.

பெங்களூரில் ஓராண்டு, ஸ்காட்லாந்தில் மூன்றாண்டுக்குச் சமம் என்று சொல்வதுண்டு. இது எளிய ஒப்பீடே தவிர அறிவியல் சூத்திரம் அன்று. மரத்தின் சாரம் இறங்குவது வெப்பத்தில் வேகமாக நடக்கும். காற்றுடன் மெல்லக் கலந்து நடக்கும் மாற்றங்கள் எல்லாம் அதே வேகத்தில் கூடுவதில்லை. எனவே பெங்களூரின் நான்காண்டுச் சரக்கு, ஸ்காட்லாந்தின் பன்னிரண்டாண்டுச் சரக்கின் நகல் ஆகாது. அது வேறொரு பொருள்.

இந்திய மால்ட்டின் வரலாறு

இந்தியாவில் ‘விஸ்கி’ என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி, மொலாசஸ் எனப்படும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்தோ தானியத்திலிருந்தோ எடுத்த மணமற்ற ஆல்கஹாலைக் கொண்டு செய்யப்படுகிறது. சிலவற்றில் சிறிதளவு மால்ட் விஸ்கியும் கலப்பார்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, விஸ்கி தானியத்திலிருந்தே வடிக்கப்பட வேண்டும். மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு முதிர வேண்டும். ஆகவே மொலாசஸ் சரக்கு அங்கே விஸ்கி என்னும் பெயரில் விற்க முடியாது.

ஒற்றை மால்ட் என்பது இதிலிருந்து வேறானது. முளைகட்டிய வாற்கோதுமையை மட்டும் கொண்டு, ஒரே வடிசாலையில், செம்புப் பானை வடிகலனில் வடிக்கப்படுவது அது. 1948இல் ராதாகிருஷ்ண ஜக்தாலே பெங்களூரில் அம்ருத் வடிசாலையைத் தொடங்கினார். பல ஆண்டுகள் அதன் மால்ட் சாராயம் கலப்பு விஸ்கிகளுக்கே பயன்பட்டது. நிறுவனரின் மகன் நீலகண்ட ராவ் ஜக்தாலே அதைத் தனியாக அடைத்து வெளிநாட்டில் விற்கத் துணிந்தார். 2004 ஆகஸ்டில், விஸ்கியின் தாயகமான ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அம்ருத் ஒற்றை மால்ட் அறிமுகமானது. தொடக்கத்தில் விற்பனை மந்தமாக இருந்தது. விஸ்கி விமர்சகர் ஜிம் முர்ரே தம் 2010ஆம் ஆண்டுக் கையேட்டில் ‘அம்ருத் ஃபியூஷன்’ சரக்கை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி எனக் குறித்த பிறகே நிலை மாறியது. இந்திய வாற்கோதுமையையும், கரிநிலப் புகை ஊட்டிய ஸ்காட்லாந்து வாற்கோதுமையையும் சேர்த்துச் செய்யப்படுவது இச்சரக்கு.

2013இல் அம்ருத் எட்டாண்டு முதிர்ந்த சரக்கு ஒன்றை வெளியிட்டது. ஆவியாகிப்போன பங்கை நினைவூட்டும் வகையில் அதற்குப் ‘பேராசை கொண்ட தேவதைகள்’ எனப் பொருள்படும் ‘கிரீடி ஏஞ்சல்ஸ்’ என்று பெயரிட்டது. பால் ஜான் ஒற்றை மால்ட் 2012இல் லண்டனில் அறிமுகமானது. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர், அரியானாவின் இந்திரி ஆகியவை பின்னர் வந்தவை.

வடிசாலையைப் பார்வையிடல்

அமெரிக்காவில் 1999இல் தொடங்கப்பட்ட ‘கென்டக்கி போர்பன் டிரெயில்’ வடிசாலைச் சுற்றுலாவிற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. சென்னையின் மேற்குப் புறநகர்வாசிகளுக்கு அருகிலுள்ள வழி வேறு. பூந்தமல்லி வழியாகச் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையும், அம்பத்தூர், ஆவடி நிலையங்களைக் கடந்து செல்லும் பெங்களூரு ரயில் பாதையும் அம்ருத் இருக்கும் நகருக்குக் கொண்டுசெல்கின்றன. வடிசாலை அந்நகரின் மறுபுறம், மைசூர் சாலைப் பக்கம் கம்பிபுரத்தில் உள்ளது. தெற்குக் கோவாவின் குன்கொலிமில் உள்ள பால் ஜான் வடிசாலையில் பார்வையாளர் மையம் இருக்கிறது. எங்குச் சென்றாலும் முன்கூட்டியே அனுமதி கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

உள்ளே செல்பவர் கவனிக்க வேண்டியவை நான்கு. முதலாவது, அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து இனிப்புநீர் எடுக்கும் தொட்டி. இரண்டாவது, ஈஸ்ட் சேர்த்து நொதிக்க வைக்கும் தொட்டி. இங்கே பழ மணம் எழும். மூன்றாவது, செம்பு வடிகலன். செம்பு அழகுக்காக வைக்கப்பட்டதன்று; கந்தகச் சேர்மங்களைப் பிடித்துக்கொள்வது அதுவே. நான்காவது, பீப்பாய்க் கிடங்கு. கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் மணமே ‘தேவதைகளின் பங்கு’. எரியக்கூடிய ஆவி இருப்பதால் வடிகலன் கூடத்திலும் கிடங்கிலும் கைப்பேசி, படமெடுத்தல் ஆகியவற்றிற்குத் தடை இருக்கலாம்.

சுவைத்தறிதல்

சுவைத்தறிதலில் பெரும்பங்கு மூக்கினுடையது. அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் குவளை மணத்தைக் குவித்துத் தரும். அதை மூக்கிற்குச் சற்றுத் தள்ளிப் பிடித்து, வாயைச் சிறிது திறந்து முகர வேண்டும். பின்னர் சில துளி வாய்க்குப் போதும். தொழில்முறைச் சுவைஞர்கள் பெரும்பாலும் விழுங்காமல் துப்பிவிடுவார்கள்.

தண்ணீர் சேர்ப்பது விஸ்கியைக் கெடுக்கும் என்பது சரியன்று. சுவீடன் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட கணினி உருவகப்படுத்தல் இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. புகை மணம் தரும் குவையகால் என்னும் பொருள், ஆல்கஹால் செறிவு மிகும்போது திரவத்தின் உள்ளேயே தங்குகிறது; 45 விழுக்காடு அளவுக்கோ அதற்குக் கீழோ குறையும்போது மேற்பரப்பிற்கு வருகிறது. சில துளி நீர் மணத்தைத் திறந்துவிடுவது இதனால்தான்.

மணங்களைப் பெயரிட நம் சமையலறையே போதும். ஓக் மரத்திலுள்ள ஒருவகை லாக்டோன் தேங்காய் மணம் தரும். கிராம்பின் மணப்பொருளான யூஜினால் ஓக்கிலும் உண்டு. கருகிய சர்க்கரையின் மணத்தைக் கருப்பட்டிப் பாகுடன் ஒப்பிடலாம். வறுத்த தேங்காய், கிராம்பு, வெனிலா, கருப்பட்டி ஆகியவற்றைச் சிறு கிண்ணங்களில் இட்டுக் கண்ணை மூடி முகர்ந்து பழகினாலே, ஒரு துளி மதுவும் இன்றி இந்தக் கலையின் முதல் பாடத்தைக் கற்கலாம்.

சேகரித்தல்

விஸ்கி புட்டிக்குள் முதிர்வதில்லை. பத்தாண்டுச் சரக்கை இருபது ஆண்டு அலமாரியில் வைத்தாலும் அது பத்தாண்டுச் சரக்கே. ஒயினைப் போலப் படுக்க வைக்கக் கூடாது. செறிந்த ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும். நேர் வெயிலும் வெப்பமும் ஆகா. சென்னை வீடுகளில் பரணும் மொட்டை மாடி அறையும் இதற்கு ஏற்ற இடங்கள் அல்ல. திறந்த புட்டியில் அளவு குறையக் குறையக் காற்று பெருகி மணம் மங்கும்.

அரிய புட்டிகளின் விலையேற்றம் போலிகளையும் வளர்த்துள்ளது. கென்டக்கியின் ‘பாப்பி வான் விங்கிள்’ புட்டிகள் விற்பனை விலையைப் போலப் பல மடங்கிற்குக் கைமாறுகின்றன. காலிப் புட்டியில் மலிவுச் சரக்கை நிரப்பி விற்பது எங்கும் நடப்பதால், சேகரிப்போர் காலிப் புட்டியின் வில்லையைக் கிழித்த பிறகே எறிவார்கள். வில்லையில் வயதை மட்டும் பார்க்காமல், வடித்த இடம், முதிர்ந்த இடம், பீப்பாய் வகை, ஆல்கஹால் அளவு ஆகிய நான்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சட்டமும் உடல்நலமும்

இந்தியா 2025 பிப்ரவரியில் போர்பன் மீதான இறக்குமதி வரியை 150 விழுக்காட்டிலிருந்து 100 விழுக்காடாகக் குறைத்தது. எனினும் மது மாநில அதிகாரத்திற்கு உட்பட்டது. தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் நிறுவனத்தின் கையில் உள்ளது. மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 21. பிற மாநிலங்களிலிருந்து மது கொண்டுவருவதை மதுவிலக்குச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பெங்களூரிலோ கோவாவிலோ புட்டி வாங்கும் முன் இவ்விதியை அறிந்திருக்க வேண்டும். வீட்டில் சாராயம் வடிப்பது குற்றம்.

ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது உறுதியானது. அதில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் தெரிவித்தது. மரத்தில் முதிர்வது சுவையை மாற்றுமே தவிர இந்தத் தீங்கைக் குறைப்பதில்லை. விலை உயர்ந்த புட்டிக்கும் மலிவான புட்டிக்கும் இதில் வேறுபாடு கிடையாது.